லீவு நாள்ல பழனி மலை ஏற எது சரி: படியா, யானைப்பாதையா, விஞ்சா, ரோப் காரா?

சனி ஞாயிறோட வெள்ளியோ திங்களோ ஒரு அரசு லீவு ஒட்டிக்கிச்சுன்னா போதும், பாதி ஊரு பழனி அடிவாரத்துல நிக்கும், மீதிப் பாதி பழனி வழியா கொடைக்கானல் ஏறிக்கிட்டு இருக்கும். அந்த மாதிரி நாள்ல குடும்பத்தோட போறவங்களுக்கு வண்டிய விட்டு இறங்குனதும் வர்ற முதல் சண்டையே மேல எப்படிப் போறதுங்கறதுதான். பெரியவங்க விஞ்சுன்னு (தண்டவாளத்துல கம்பி கயிறு கட்டி இழுக்கற வண்டி) சொல்லுவாங்க, பசங்க ரோப் காருன்னு குதிப்பாங்க, வேண்டுதல் வெச்ச அம்மா படிதான்னு ஒத்தக்கால்ல நிப்பாங்க, யானைப்பாதைய மட்டும் யாரும் நினைச்சுக்கூட பாக்க மாட்டாங்க. என்னைக் கேட்டா கூட்ட நாள்ல அந்த நாலாவதுதான் முதல்ல வரணும்.

வெறும் நேரத்த மட்டும் வெச்சுப் பாத்தா ரோப் கார்ல மேல போக 3 நிமிஷம், விஞ்சுல 8 நிமிஷம், படி 693னு கணக்கு சொல்லுவாங்க அது சுமாரா நடக்குறவங்களுக்கு அரை மணி நேரம், மூச்சு வாங்கி அங்கங்க உக்காந்து போனா முக்கா மணி. ஒரு சாதாரண புதன்கிழமை போனீங்கன்னா இந்தக் கணக்கு அப்படியே சரியா வரும், அன்னைக்கு ரோப் கார்தான் ராஜா, சந்தேகமே இல்ல. லீவு நாள்ல இது தலைகீழா மாறிடும், ஏன்னா பெட்டி எவ்ளோ வேகமா ஏறுதுங்கறது அன்னைக்கு விஷயமே இல்ல, பெட்டிக்குள்ள ஏறுறதுக்கு முன்னாடி எவ்ளோ நேரம் நிக்கறோம்ங்கறதுதான் விஷயம், அதுவும் மேல போயி தரிசனத்துக்கு இன்னொரு க்யூ காத்துக்கிட்டு இருக்கு. கீழ ரெண்டு மணி நேரம் நின்னு 3 நிமிஷத்துல மேல போனவரும் அரை மணில நடந்து போனவரும் தரிசன க்யூவுல ஒரே வால்லதான் போய் சேரணும், ஆனா நடந்தவர் அதுக்குள்ள சாமி பாத்துட்டு பிரசாதமும் வாங்கிட்டு இறங்கிக்கிட்டு இருப்பாரு.

விஞ்ச எடுத்துக்குவோம். மலையச் சுத்தி இருக்கற கிரிவீதில மேற்குப் பக்கம் இருக்கு, மூணு தடம். இதோட பெரிய பலம் காத்து மழைன்னு பெருசா கவலைப்படாம ஓடுறது, அப்புறம் ரோப் கார் மாதிரி அந்தரத்துல தொங்கற பயம் இல்ல, கைக்குழந்தை வெச்சிருக்கறவங்க, முட்டி ஆபரேஷன் பண்ணினவங்க, ரத்த அழுத்தம் இருக்கறவங்க எல்லாருக்கும் நான் கண்ண மூடிக்கிட்டு சொல்றது இதத்தான். குறை என்னன்னா அது எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. கார்த்திகை, சஷ்டி, லீவு சனிக்கிழமைன்னா காலைல ஏழு எட்டு மணிக்கே க்யூ கம்பித் தடுப்பெல்லாம் நிரம்பி வெளிய வந்துடும், அப்புறம் வர்றவங்க நடக்க முடியாம விஞ்சுக்கு வந்துட்டு நடக்குறத விட அதிக நேரம் நின்னுக்கிட்டே இருப்பாங்க. நிக்கறது நடக்குறதவிட கால வலிக்க வைக்கும்ங்கறத வயசானவங்கள கேட்டா தெரியும். அதனால விஞ்சுதான்னு முடிவு பண்ணிட்டா ஒண்ணு விடியக்காலை முதல் வண்டிக்கே போய் நிக்கணும், இல்ல மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போற நேரத்துல போகணும், பத்து மணிக்கு டிபன் முடிச்சு ஆற அமர போறது வேலைக்கே ஆகாது.

ரோப் கார் வேற ஜாதி. 2004 நவம்பர்ல ஓட ஆரம்பிச்சது, மலைய ஒட்டி ஏறும்போது கீழ தென்னந்தோப்பும் அந்தப் பக்கம் கொடைக்கானல் மலையும் தெரியும், அந்தக் காட்சிக்காகவே போகலாம், பசங்க வாழ்நாள் பூரா சொல்லுவாங்க. ஆனா நாலும் ஒரே நாள்ல இருக்குன்னு நம்பி கிளம்புறவங்க ஏமாறுறது இதுலதான். தினமும் மத்தியானம் ஒண்ணரைக்கு பராமரிப்புக்குன்னு ஒரு மணி நேரம் நிறுத்துவாங்க, மாசத்துக்கு ஒரு நாள் ஓடாது, வருஷத்துக்கு ஒரு தடவை மாசக் கணக்குல மூடிடுவாங்க, அது எந்த மாசம்னு வருஷத்துக்கு வருஷம் மாறும். இது போக காத்து. பாலக்காட்டுக் கணவாய்க்குள்ள பூந்து வர்ற காத்துக்கு நேரா உக்காந்திருக்கற ஊரு இது, பக்கத்துல உடுமலைப் பக்கம் காத்தாடியா நட்டு வெச்சிருக்கறத பாத்தாலே புரியும், ஆனி ஆடில காத்து வீசுச்சுன்னா ரோப் கார நிறுத்தி நிறுத்தித்தான் ஓட்டுவாங்க. நிறுத்துறது சரிதான், அதுல கோவப்பட ஒண்ணும் இல்ல, ஆனா ஒரு மணி நேரம் க்யூவுல நின்னதுக்கு அப்புறம் நிறுத்தினா அங்க இருந்து விஞ்சுக்கு கிரிவீதிய சுத்தி வந்து அங்கயும் கடைசி ஆளா நிக்கணும், அதான் கொடுமை. சின்னச் சின்னப் பெட்டிங்கறதால ஒரு நேரத்துல ஏத்துற ஆளும் விஞ்சவிடக் கம்மி. லீவு நாள்ல ரோப் கார் என் லிஸ்ட்ல கடைசி.

இப்ப நடக்குறதுக்கு வருவோம். படிக்கும் யானைப்பாதைக்கும் ஆரம்பம் ரெண்டுமே பாத விநாயகர் கோயில் பக்கம்தான், மூணு தடவை தேங்காய் உடைக்கற சத்தம் கேக்காம அந்த இடத்தத் தாண்டவே முடியாது. படிப்பாதை செங்குத்து, கொஞ்ச தூரத்துலயே தொடை பேச ஆரம்பிச்சுடும், ஆனா வழியில இடும்பன் சன்னதி, நிழல் மண்டபம், அங்கங்க கற்பூரம் ஏத்திக்கிட்டு ஒவ்வொரு படியா மஞ்சள் குங்குமம் வெச்சுக்கிட்டு போற பொம்பளைங்க, காவடியோட ஆடிக்கிட்டே ஏறுறவங்க, இதெல்லாம் பாத்துக்கிட்டு போறதுதான் பழனிக்கு வந்ததுக்கே அர்த்தம்னு நினைக்கறவங்க இருக்காங்க, நானும் அந்தக் கட்சிதான். பேரே சொல்ற மாதிரி யானைப்பாதை கோயில் யானை ஏறுறதுக்கு வாகா போட்டது, அகலம் ஜாஸ்தி, சரிவு கம்மி, படி இருந்தாலும் தள்ளித் தள்ளித்தான் இருக்கும். தூரம் கூடத்தான், ஆனா மூச்சு வாங்குறது பாதிதான். ஒரு நடுத்தர வயசுக்காரர், தொப்பை இருக்கறவர், தினமும் நடக்காதவர், இவங்களுக்கு படிய விட இதுதான் சரி. முக்கியமா குழந்தைய கையப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு போறவங்களுக்கு, படில பின்னாடி இருந்து தள்ளுற கூட்டத்துல குழந்தைய வெச்சுக்கிட்டு ஏறுறது ஆபத்து.

இன்னொண்ணு, தைப்பூசம் பங்குனி உத்திரம் மாதிரி பெருங்கூட்டத்துல கோயில் நிர்வாகமே ஒருவழிப்பாதை ஆக்கிடும், யானைப்பாதைல ஏத்தி படில இறக்குவாங்க. அத சாதாரண லீவு நாள்லயும் நீங்களா கடைப்பிடிச்சா நல்லது, எதிர்ல வர்றவங்களோட முட்டிக்க வேண்டாம். முட்டி வலி உள்ளவங்க மட்டும் இறங்கறதுக்கும் யானைப்பாதையே போங்க, ஏறுறது நெஞ்சுக்கு வேலை, இறங்கறதுதான் முட்டிக்கு வேலை. செருப்பு இல்லாம ஏறுறீங்கங்கறதால பதினோரு மணிக்கு மேல மூணு மணி வரைக்கும் வெயில்ல கல்லு எப்படி இருக்கும்னு நான் சொல்லணுமா. கைல பிரசாதப் பை தொங்கவிட்டுக்கிட்டு போகாதீங்க, குரங்கு உங்கள விட உஷார்.

யாரும் யோசிக்காத விஷயம் ஒண்ணு இருக்கு, அதுதான் இந்த நாலுல எதுங்கறத உண்மையா தீர்மானிக்குது. 2023 அக்டோபர் 1ல இருந்து மலைக்கோயிலுக்கு போன் கொண்டு போகக் கூடாது. கீழயே பாதுகாப்பு மையத்துல குடுத்துட்டு டோக்கன் வாங்கிக்கணும், படிப்பாதைகிட்ட ஒண்ணு, விஞ்ச்கிட்ட ஒண்ணு, ரோப் கார்கிட்ட ஒண்ணுன்னு தனித்தனியா இருக்கு. செருப்பும் அப்படித்தான். அப்ப விஞ்சுல ஏறி ஜாலியா படில இறங்கலாம்னு நினைச்சீங்கன்னா போன் வாங்க வெறுங்காலோட கிரிவீதில திரும்ப நடக்கணும். ஏறுன வழியாவே இறங்கணும்ங்கறது கிட்டத்தட்ட கட்டாயம் ஆயிடுச்சு, விதிவிலக்கு படியும் யானைப்பாதையும்தான், ரெண்டும் ஒரே இடத்துல வந்து இறங்கறதால எதுல ஏறி எதுல இறங்குனாலும் போன் பக்கத்துலயே இருக்கும். விஞ்ச், ரோப் கார் ஆளுங்களுக்கு இறங்கறதுக்கும் அதே க்யூ மறுபடியும், அதுவும் சாயங்காலம் ஏழு மணி வாக்குல தங்கத்தேர் சுத்தி முடிஞ்சதும் மலை மேல இருக்கற மொத்த சனமும் ஒரே நேரத்துல இறங்கக் கிளம்பும், அப்ப விஞ்ச் வாசல்ல பாக்கணுமே.

குடும்பத்த ரெண்டாப் பிரிச்சு பெரியவங்கள விஞ்சுலயும் மத்தவங்க நடந்தும் போறதுதான் நல்ல யோசனை, நானும் அதத்தான் சொல்லுவேன், ஆனா மேல போன் கிடையாதுங்கறத மறந்துட்டு பிரிஞ்சா ஒருத்தர ஒருத்தர் தேடியே பாதி நாள் போயிடும். கீழயே இடத்தப் பேசி வெச்சுக்கோங்க, ராஜகோபுரத்துக்கு முன்னாடின்னு சொல்லிட்டு முதல்ல வர்றவங்க அங்கயே நகராம உக்காந்துடணும். பெரியவங்க கூட தெம்பான ஆள் ஒருத்தர் கண்டிப்பா போகணும்.

நேரத்துல எனக்கு விடியக்காலைதான், நடை திறக்கறப்ப மேல இருக்கற மாதிரி இருட்டுலயே ஏறிடணும், லைட் எல்லாம் இருக்கு, கல்லும் குளுகுளுன்னு இருக்கும். ஆனா சாயங்கால பூஜையான சாயரட்சைல ராஜ அலங்காரத்துல பாக்கணும்னு நிறைய பேர் இருக்காங்க, ஆண்டிக் கோலத்துல பாத்தா குடும்பத்துக்கு ஆகாதுன்னு ஒரு பேச்சும் ஊருல ஓடுது. எனக்கு அதுல நம்பிக்கை இல்ல, அந்தக் கோவணாண்டியப் பாக்கத்தான மலை ஏறுறோம், ஆனா வீட்டுல பெரியவங்க சொன்னா வாதம் பண்ணாம சாயங்காலமே போயிடுங்க, அப்ப மட்டும் நடந்து ஏறி நடந்தே இறங்கற திட்டத்தோட போங்க.

ஊருக்கு வந்து சேர்றது பத்தி சுருக்கமா. சென்னைல இருந்து சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல் வழியா பாலக்காடு போற ராத்திரி ரயில்தான் சுகம், காலைல பழனில இறக்கி விட்டுடும், ஆனா இப்ப ரிசர்வேஷன் 60 நாள் முன்னாடிதான் திறக்குதுங்கறதால லீவு தேதிய காலண்டர்ல பாத்து அன்னைக்குக் காலைலயே உக்காரணும். டிக்கெட் இல்லன்னா திண்டுக்கல் வரைக்கும் ஏதாவது ஒரு தென்மாவட்ட ரயில்ல வந்துட்டு அங்க இருந்து பஸ், 60 கிலோமீட்டர் சொச்சம், இதுதான் எப்பவும் கைவிடாத வழி. கார்ல வர்றவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும், ஹைகோர்ட் உத்தரவுக்கு அப்புறம் கிரிவீதிக்குள்ள தனியார் வண்டி விடறதில்ல, வெளிய பார்க்கிங்ல போட்டுட்டு நடக்கணும் இல்ல கோயில் பேட்டரி கார், பஸ்ஸுக்கு காத்திருக்கணும், அதனால கார்ல வந்தா வாசல்லயே இறங்கலாம்ங்கற சவுகரியம் போச்சு. அப்படியே கொடைக்கானலும் போயிட்டு வந்துடலாம்னு திட்டம் இருந்தா இ-பாஸ் எடுத்துட்டுதான் மலை ஏறணும், 2024 மே மாசத்துல இருந்து இருக்கு. ஒரே நாள்ல ரெண்டையும் திணிக்கறவங்களப் பாத்தா பாவமாத்தான் இருக்கு, முருகனையும் ஓட்டமா பாத்துட்டு ஏரியையும் ஓட்டமா பாத்துட்டு மிச்ச நேரமெல்லாம் கொண்டை ஊசி வளைவுல நிப்பாங்க.

தைப்பூசத்துக்கு மட்டும் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. அது காரைக்குடிப் பக்கத்துல இருந்து வர்ற நகரத்தார் காவடி, பூசம் முடிஞ்சு மலை மேலயே ராத்தங்குற எடப்பாடிக்காரங்க, ரோட்டோரம் பூரா பாதயாத்திரைன்னு நடக்குறவங்களோட திருவிழா. அன்னைக்கு விஞ்ச் எவ்ளோ நேரம்னு கேட்டுக்கிட்டு போறவங்க வேற வாரம் போறது அவங்களுக்கும் நல்லது, நடந்து வந்தவங்களுக்கும் நல்லது.

கடைசியா பஞ்சாமிர்தம். மேல தேவஸ்தான ஸ்டால்ல க்யூ நீளமா இருந்தா அங்க நிக்காதீங்க, கீழயும் தேவஸ்தான ஸ்டால் இருக்கு, சரக்கு ஒண்ணுதான். 2019ல புவிசார் குறியீடு வாங்குனது கோயில் பஞ்சாமிர்தம், அடிவாரத்துல கையப் பிடிச்சு இழுக்கற கடை டப்பால முருகன் படம் போட்டிருக்குங்கறதுக்காக அது இதாகிடாது. டப்பாவ வாங்குனதும் தயாரிச்ச தேதியப் பாருங்க, ஊருக்குப் போற வரைக்கும் வெயில் படாத பைல அடில வைங்க.