அப்பா கொடுத்து வந்த நன்கொடை: மாதாமாதமா, வைப்பு நிதியா?

அப்பாவோ அம்மாவோ இறந்தது வங்கிக்குத் தெரிந்ததும் அவர்கள் கணக்கு பெரும்பாலும் முடக்கப்படும். அதிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்த நன்கொடையும் நின்றுவிடும். வாங்கிய அமைப்புக்குக் காரணம்கூடத் தெரியாது. தொடர நினைக்கும் பிள்ளைகளுக்கு இரண்டு வழிகள்.

அதே தொகையை நம் கணக்கிலிருந்து அனுப்புவது ஒன்று. இன்றே தொடங்கலாம், அமைப்பு சரியில்லை என்றால் நிறுத்தலாம். ஆனால் நமக்கு வேலை போனால் முதலில் வெட்டுப்படுவது இதுதான். உடன்பிறந்தவர்கள் பங்கு போட்டால், "இந்த மாதம் யார் முறை?" என்ற பேச்சும் வரும்.

மற்றது, மொத்தமாக ஒரு தொகையை அமைப்பிடம் கொடுத்து, இறந்தவர் நினைவாக வைப்பு நிதியாக்கி, வட்டியை மட்டும் செலவிடச் சொல்வது. நாம் மறந்தாலும் நடக்கும். சரி, கணக்கைப் பாருங்கள்: வட்டி 4 சதவீதம் என்றால், மாதம் 100 கொடுக்க 30,000 முடக்க வேண்டும். விலைவாசி வருடம் 5 சதவீதம் ஏறினால், சுமார் 14 வருடங்களில் அந்த 100-இன் மதிப்பு பாதியாகிவிடும். பெயர்ப்பலகை மட்டும் பளபளவென்று இருக்கும்!

என் ஓட்டு முதல் வழிக்கு, ஒரு வருடத்துக்காவது. அப்புறம், இறந்த அப்பா அல்லது அம்மாவின் கடன் பாக்கி எதுவும் இல்லை என்று தெரிந்து, அமைப்பின் ஆண்டுக் கணக்கையும் படித்துவிட்டு நிதி வைக்கலாம்.