அழிந்துபோன வேட்டை விலங்குகள் பொம்மை செட்: பொம்மைக்கு 4 ஸ்டார், அட்டைக்கு 1

பையனுக்காக ஆன்லைனில் வாங்கினேன். பொம்மைகள் அருமை, வாள்பல் பூனையான ஸ்மைலோடானின் குட்டை வாலும் தடித்த முன்னங்கால்களும் அப்படியே இருக்கின்றன. ஆனால் கூட வரும் அட்டையை எழுதியவர், நீளமான கோரைப்பல் இருந்தாலே பூனைக் குடும்பம் என்று முடிவு கட்டிவிட்டார் போல, தைலகோஸ்மைலஸையும் அதிலேயே சேர்த்திருக்கிறார். அது தென் அமெரிக்காவில் வாழ்ந்தது, கங்காரு மாதிரியான பைப்பாலூட்டிகளுக்குத்தான் நெருங்கிய சொந்தம், கோரைப்பல் வாழ்நாள் முழுக்க வளரும், கீழ்த்தாடையில் அதற்கு உறை மாதிரி எலும்பு தொங்கும் (பொம்மையில் அதைச் சரியாகச் செய்திருக்கிறார்கள்!). ஹயனோடானைக் கழுதைப்புலி இனம் என்று போட்டது இன்னும் மோசம். பூனை, நாய், கழுதைப்புலி எல்லாம் அடங்கும் கார்னிவோரா வரிசையிலேயே அது வராது, கறியை வெட்டும் பற்கள்கூட தாடையில் இன்னும் பின்னால் இருக்கும். அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பொம்மையை மட்டும் கொடுங்கள், தண்ணீரில் ஊறினாலும் பெயின்ட் போகவில்லை.