பாக்கெட் காமா ஸ்பெக்ட்ரோமீட்டர்: புல்மோட்டை மணலுக்கு ஓம், ஸ்கான் மருந்துக்கு இல்லை

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய சாமான். உள்ளே ஒரு கன சென்ரிமீற்றர் அளவில் சீசியம் அயடைடு படிகம். போனோடு இணைத்தால் காமாக் கதிர்களைச் சக்திவாரியாகப் பிரித்து நிறமாலை கீறிக் காட்டும். நான் திருமலையில் உயர்தரத்துக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். முதலில் இதைக் கொண்டுபோனது புல்மோட்டைக்கு. அங்கத்தைய கறுப்பு மணலில் மொனசைற் உண்டு, அதில் தோரியம் உண்டு. தோரியம் சிதையும் வழியில் பிறக்கும் ஈயம்-212 இன் உச்சம் 239 கிலோ இலத்திரன்வோல்ற்றில் அழகாக எழுந்தது. அந்த வேலைக்கு முழுப் புள்ளி.

மருத்துவ ஐசோடோப்புகளின் தூய்மையையும் இதால் பார்க்கலாம் என்று விற்பவர் சொன்னதுதான் இடிக்கிறது.

மாமி கண்டியில் கதிரியக்க மருந்து ஏற்றி எலும்பு ஸ்கான் செய்து வந்த இரவு, கேட்டுவிட்டுத்தான் கருவியைக் கிட்டக் கொண்டுபோனேன். “என்ன தம்பி, நான் இப்ப லைற் மாதிரி எரியிறேனோ?” என்றா. 140 கிலோ இலத்திரன்வோல்ற்றில் அந்த மருந்திலுள்ள டெக்னீசியம்-99எம் மலைபோல நின்றது. சரி, எந்த ஐசோடோப்பு என்று தெரிந்துவிட்டது. தூய்மை?

டெக்னீசியத்தை ஆஸ்பத்திரியில் கறந்தெடுப்பது, சிதைந்து டெக்னீசியமாகும் மொலிப்டினம்-99 ஏற்றிய அலுமினா நிரலிலிருந்து. உப்புநீர் ஓடும்போது துளி மொலிப்டினமும் கழன்று வரலாம். வரம்பு, ஒரு மெகாபெக்கரல் டெக்னீசியத்துக்கு 0.15 கிலோபெக்கரல். மொலிப்டினத்தின் அடையாளம் 740 இல் வரும் கதிர். பக்கத்தில் 140 இன் வெள்ளம் இருக்க, இந்தச் சின்னப் படிகம் அதை எங்கே காணும்?

ஆய்வுகூடத்தில் மருந்துக் குப்பியை ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் ஈயப் பாத்திரத்துக்குள் வைத்து அளப்பார்கள். 140 அநேகமாக முழுதும் நின்றுவிடும், 740 பாதியளவு வெளியே வரும். நானும் மீன்வலை ஈயக்குண்டுகளைத் தட்டித் தகடாக்கிக் கருவியைச் சுற்றினேன். அடுத்த நாள் பார்த்ததற்கும் காரணம் உண்டு: டெக்னீசியத்தின் அரைவாழ்வு, அதாவது பாதியாகக் குறைய எடுக்கும் நேரம், 6 மணித்தியாலம், மொலிப்டினத்துக்கு 66. ஒரு நாள் போனால் முன்னது பதினாறில் ஒன்றாகும், பின்னது முக்கால்வாசிக்கு மேல் இருக்கும்.

740 இல் ஒன்றும் எழவில்லை. அதை வைத்து மருந்து சுத்தம் என்று நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். வரம்பளவு மாசு இருந்தாலும் இவ்வளவு சின்னப் படிகத்தில் பின்னணிக்குள் அமிழ்ந்துபோகக் கூடும். அதற்கு ஆஸ்பத்திரியில் அயனாக்க அறை என்ற அளவுகருவி இருக்கிறது, உற்பத்தி நிலையத்தில் ஜேர்மானியம் உணரி இருக்கிறது.

பள்ளிக்கூட ஆய்வுகூடத்துக்கு யோசிக்காமல் வாங்கலாம். பற்றரியும் நன்றாக நிற்கிறது.