ஜப்பானின் மறைமுகச் சூது: கையடக்கக் கருவியா, போக்கர் மேசையா, பச்சிங்கோவா?

ஜப்பானில் பணம் வைத்து ஆடுவது குற்றம். தண்டனைச் சட்டத்தின் 185ஆம் பிரிவு ஆடுபவருக்கு 5 லட்சம் யென் வரை அபராதம் விதிக்கிறது. 186ஆம் பிரிவு, அதை வழக்கமாகக் கொண்டவரையும் களம் அமைத்து லாபம் பார்ப்பவரையும் சிறைக்கு அனுப்புகிறது. குதிரைப் பந்தயம், படகுப் பந்தயம், லாட்டரி போன்ற பொது அமைப்புகளின் ஆட்டங்களுக்குத் தனிச்சட்டங்களால் விலக்கு உண்டு. மின்னணு விளையாட்டுகள் பெருகிய 1980களில், இந்தச் சட்டத்தின் நிழலில் சூதாட எது வசதியான கருவி என்று பார்த்தால், மறைக்க எளிதானதுதான் நிலைத்திருக்கும் என்றே தோன்றும். நடந்தது நேர்மாறு.

மறைக்க மிக எளிதானது கையடக்கக் கருவி. ஹானாஃபுடா சீட்டு தயாரிக்க 1889இல் கியோட்டோவில் தொடங்கப்பட்ட நின்டெண்டோ, 1980இல் 'கேம் அண்ட் வாட்ச்' வரிசையை வெளியிட்டது. திரவப் படிகத் திரை, சட்டைப்பைக்குள் அடங்கும் அளவு, கூடவே ஒரு கடிகாரம். காசு போடத் துளையே இல்லாததால் அதை வைத்திருப்பவரை யாரும் சந்தேகிக்க முடியாது. ஆனால் துளை இல்லாததே சூதாடிக்குக் குறையும்கூட. புள்ளியைப் பணமாக்க இருவரின் வாய்ப்பேச்சைத் தவிர வேறு வழியில்லை. ஒரே ஆட்டத்தில் கை பழகியவரே பெரும்பாலும் வெல்வார் என்பதால் விவரமறிந்த அந்நியர் பந்தயத்துக்கு வரமாட்டார். திறமை ஆட்டம் என்ற வாதமும் எடுபடாது. தற்செயல் சிறிதளவு கலந்தாலே அது சூதுதான் என்பது நீதிமன்றங்களின் நிலைப்பாடு. திறமையும் வேண்டும் வில்லை ஆட்டமான மாஜோங்கில் 1,000 புள்ளிக்கு 100 யென் என்ற வாடிக்கையான பந்தயத்துக்காக, 2020இல் தோக்கியோ உயர் அரசு வழக்குரைஞர் அலுவலகத் தலைவரே பதவி விலக நேர்ந்தது.

வணிகமாக வளர்ந்தது போக்கர் மேசை. 1978இல் டைட்டோ நிறுவனத்தின் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' வீடியோ விளையாட்டு கிளப்பிய மோகத்தில் காப்பிக் கடைகள் கண்ணாடி மேற்பரப்புள்ள விளையாட்டு மேசைகளை வாங்கிக் குவித்தன. மோகம் தணிந்ததும் உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையை மாற்றினால் போதும், அதே மேசை போக்கர் ஆடும். வாடிக்கையாளர் காப்பிக் கோப்பையைக் கண்ணாடிமேல் வைத்துவிட்டு, கீழே ஒளிரும் ஐந்து சீட்டுகளில் எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்று பொத்தான்களை அழுத்திக்கொண்டிருப்பார். வென்ற தொகையை இரட்டிப்பாக்க, அடுத்த சீட்டு பெரியதா சிறியதா என்று ஊகிக்கும் வாய்ப்பு வரும். பலருடைய பணம் கரைந்தது அந்த இடத்தில்தான். ஆட்டம் முடிந்ததும் கடைக்காரர் மீதப் புள்ளிகளை அழித்துவிட்டுக் கையில் நோட்டைக் கொடுப்பார்.

இந்த ஏற்பாட்டின் ஓட்டை அந்த நோட்டில் இருந்தது. பந்தயம் வாங்குவதும் பணம் தருவதும் ஒரே கடை என்பதால், காவலர்கள் ஒருமுறை உள்ளே நுழைந்தாலே கதை முடிந்தது. எனவே சோதனை எப்போது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது கடைக்காரருக்கு மேசையைவிட முக்கியமான முதலீடாயிற்று. இலஞ்சம் வாங்கிக்கொண்டு அத்தகவலை விற்ற ஒசாகா காவலர்கள் 1982இல் சிக்கினர். அம்மாநிலக் காவல்துறையின் முன்னாள் தலைவர் ஒருவர் தற்கொலை செய்துகொள்ளும் அளவுக்கு விவகாரம் முற்றியது. 1984இல் திருத்தப்பட்ட கேளிக்கைத் தொழில் சட்டம் அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்து, விளையாட்டுக் கூடங்களையும் காவல்துறை அனுமதியின்கீழ் கொண்டுவந்தது.

அக்கூடங்களில் மெடல் எனப்படும் உலோக வில்லைகளைக் காசுக்கு வாங்கி ஆடும் மெடல் விளையாட்டுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மெடலைப் பணமாக மாற்றவும் முடியாது, வீட்டுக்கு எடுத்துச் செல்லவும் கூடாது. சூதாடிக்கு அங்கே வேலையில்லை.

சிறு குண்டுகளை ஆணிகள் பதித்த செங்குத்துப் பலகையில் ஏவி ஆடும் இயந்திர ஆட்டமான பச்சிங்கோவோ ஒளிவதே இல்லை. இரும்புக் குண்டுகளின் இரைச்சல் கதவு திறக்கும்போதெல்லாம் தெருவுக்கு வரும். பல கூடங்கள் ரயில் நிலையத்தின் எதிரிலேயே நிற்கின்றன. கூடம் பணப்பரிசு தருவதும், தான் தந்த பரிசைத் திரும்ப வாங்குவதும் சட்டப்படி தடை. அதனால் வென்றவருக்குச் சிறப்புப் பரிசு ஒன்று கிடைக்கிறது. தோக்கியோவில் அது ஞெகிழி உறையில் பதித்த சிறு தங்கத் துண்டு. அதை அருகிலுள்ள வேறொரு கடையின் சிறு சாளரத்தில் நீட்டினால், உள்ளிருப்பவரின் முகம்கூடத் தெரியாமல் பணம் வெளியே வரும். மூன்றாவதாக ஒரு மொத்த வணிகர் அத்துண்டுகளை மீண்டும் கூடத்துக்குக் கொண்டு சேர்க்கிறார். பரிசுகளை வாங்கி விற்றுக்கொண்டிருந்த யாகுசா என்னும் குற்றக் கும்பல்களை வெளியேற்ற 1960களின் தொடக்கத்தில் ஒசாகாவில் உருவான ஏற்பாடு இது.

என் கணிப்பில் பச்சிங்கோவின் வெற்றிக்குக் கருவி காரணமல்ல, பணம் கைமாறும் இடத்தை அது மூன்று உரிமையாளர்களுக்குப் பிரித்துக் கொடுத்ததே காரணம். அந்தப் பிரிவு வெறும் நாடகம் என்பது சாளரத்தின்முன் வரிசையில் நிற்பவர் எல்லோருக்கும் தெரியும், காவல்துறை உட்பட. எனினும் போக்கர் மேசை வைத்த கடைக்காரர் எந்தத் தகவலுக்கு இலஞ்சம் கொடுக்க வேண்டியிருந்ததோ, அதைப் பச்சிங்கோ முதலாளி தேட வேண்டிய தேவையே எழவில்லை.