விண்வெளிக் கவசத்துக்கு ஜிம் மேட்: 10 மி.மீ. ஈவிஏ ஃபோம் எங்கே தாங்கும், எங்கே தாங்காது

ஸ்டார்ஃபைண்டர் மாதிரி, மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடுகிற விண்வெளி ஃபேன்டஸி ஆட்டங்களில் கவசம் என்பது மாட்டிவிட்டு மறந்துவிடுகிற சட்டை இல்லை. 2017-ல் பைசோ நிறுவனம் வெளியிட்ட அந்த ஆட்டத்தில் ஒவ்வொரு கவசத்துக்கும் இத்தனை ஸ்லாட், அதாவது கூடுதல் கருவி செருகுகிற இடம், என்று கணக்கு உண்டு. அதில் எதைச் செருகுகிறோம் என்பதில்தான் ஆடுகிறவரின் ரசனையே தெரியும். அந்தக் கவசத்தை நிஜமாகவே உடம்பில் மாட்ட நினைக்கிறவர்களுக்குக் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் சுலபமாகக் கிடைக்கிற பொருள், ஜிம்மில் தரைக்கு விரிக்கிற, ஓரத்தில் பல் வைத்துக் கோத்துக்கொள்கிற ஈவிஏ மேட்தான். 60-க்கு 60 செ.மீ., தடிமன் 10 மி.மீ. மார்பு, முதுகு, தோள், கெண்டைக்கால் பகுதிகளுக்குத் தாராளமாக வாங்கலாம். ஹெல்மெட்டின் நுணுக்கமான பாகங்களுக்கும் விரல்களுக்கும் வேண்டவே வேண்டாம். அந்த இடங்களுக்கு 5 மி.மீ. ஷீட்டும், ஸ்டேஷனரி கடையில் பள்ளி ப்ராஜெக்டுக்கு விற்கிற 2 மி.மீ. ஃபோம் ஷீட்டும் சரியாக இருக்கும்.

எல்லா மேட்டும் ஒன்றில்லை. கடையில் நிறத்தைப் பார்க்காதீங்க, எடையைப் பாருங்க. 10 மி.மீ. மேட் ஒன்று ஏறத்தாழ 360 கிராம் இருந்தால், ஒரு கன மீட்டருக்கு 100 கிலோ அடர்த்தி. கவசத்துக்கு அருமையான சரக்கு. 180 கிராம்தான் என்றால் அடர்த்தி பாதி. உள்ளே காற்றுதான் அதிகம். வளைத்த வடிவம் நிற்காது, கத்தி பட்டால் பிய்யும். தராசு இல்லையென்றால் கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்க. தடம் சில நொடியில் மறைய வேண்டும். டிவி, ஃப்ரிட்ஜ் பெட்டியில் வருகிற வெள்ளை பேக்கிங் ஃபோம் வேறு இனம். சூடு காட்டினால் வளையாமல் சுருங்கி உருகிவிடும். செருப்பு அடிப்பாகத்துக்கு வெட்டுகிற ஈவிஏ ஷீட் இதற்கு நேர் எதிர்: பெரும்பாலும் மிகவும் கடினம், தோளின் உருண்டைக்கு மடங்காது. முழுக் கவசத்துக்கு ஆறிலிருந்து எட்டு மேட் பிடிக்கும்.

அளவு எடுக்கப் பழைய பனியனைப் போட்டு, அதன் மேல் கிளிங் ஃபிலிம் (உணவை மூடுகிற மெல்லிய பிளாஸ்டிக் தாள்) சுற்றி, மாஸ்கிங் டேப் ஒட்டி, மார்க்கரில் கோடு போட்டு வெட்டி எடுப்பதுதான் நம்பகமான வழி. உடம்பின் ஒரு பாதியை மட்டும் எடுத்து, மறு பாதிக்கு அதையே திருப்பிப் போடுங்க; இரண்டு பக்கமும் தனித்தனியாக எடுத்தால் கவசம் ஒரு பக்கம் சாயும். இணைகிற ஓரங்களில் 5 செ.மீ.-க்கு ஒரு குறி வைக்கணும். பலரும் கோட்டை விடுவது தடிமனில்தான். 10 மி.மீ. ஃபோமை உடம்பைச் சுற்றி வளைத்தால் உள்பக்கம் அமுங்கும், வெளிப்பக்கம் இழுபடும். அதனால் முழுச் சுற்றளவுக்குச் சுமார் 3 செ.மீ. கூட்டணும். கூட்டாமல் வெட்டினால் நெஞ்சை நிமிர்த்தும்போதே விலாப்பக்க இணைப்பு திறக்கும்.

18 மி.மீ. ஸ்னாப் பிளேடு (மழுங்கின நுனியை ஒடித்துவிடுகிற கட்டர்) போதும், ஆனால் மழுங்கவிடக் கூடாது. மழுங்கின பிளேடு வெட்டாது, கிழிக்கும். ஓரம் பொரிபொரியாக வரும், எத்தனை பெயின்ட் அடித்தாலும் அது தெரியும். நேர் மூலை வேண்டிய இடத்தில் இரண்டு ஓரத்தையும் 45 டிகிரி சாய்த்து வெட்டணும். டிசைன் அச்சான பக்கம் உள்ளே போகட்டும்.

சூடான காற்றை ஊதுகிற ஹீட் கன்தான் இந்த வேலையின் உயிர். ஹேர் டிரையர் பத்தாது. 10 முதல் 15 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஓட்டுங்க. மங்கலாக இருந்த பரப்பு லேசாக மினுங்கத் தொடங்கும். மேல் தோல் மூடிக்கொண்டது என்பதற்கு அதுதான் அடையாளம், அதோடு நிறுத்திவிடணும். மேலும் காட்டினால் கொப்புளம் வரும், ஷீட் சுருங்கி அளவு குறையும். வளைப்பதற்கு இரண்டு பக்கமும் சூடாக்கி, தொடை மேலோ பானை மேலோ வைத்து அழுத்தி, ஆறுகிறவரை கையை எடுக்கக் கூடாது.

தகடு தகடாகப் பிரிந்த விண்வெளித் தோற்றம் வருவதும் இதே சூட்டில்தான். ஸ்கேல் வைத்து 2, 3 மி.மீ. ஆழத்துக்கு மட்டும் கீறுங்க. கீறின கோடு அப்போது கண்ணுக்கே தெரியாது. மேலே சூடு ஓடியதும் கோடு தானாக வாய் பிளந்து, ஒரே அளவு பள்ளமாக நிற்கும். உலோகத் தகடுகளைக் கோத்த மாதிரியே இருக்கும். கூடுதல் பொருள் ஒன்றும் ஒட்டாமல் இவ்வளவு தெளிவான விளிம்பு வருவதுதான் இந்த மேட்டின் பெரிய பலம். இந்த ஒன்றுக்காகவே தெர்மோகோல், அட்டைக்கெல்லாம் மேலே இதை வைக்கலாம்.

ஒட்டுவதற்கு ஃபெவிகால் எஸ்ஆர் 998 மாதிரியான ரப்பர் பசை. இரண்டு பரப்பிலும் மெல்லிசாகத் தடவி, 10 முதல் 15 நிமிடம் காயவிட்டு, விரல் வைத்தால் ஒட்டாத பதத்தில் சேர்க்கணும். ஈரமாகச் சேர்த்தால் வழுக்கிக்கொண்டே இருக்கும். பதத்தில் சேர்த்துவிட்டால் திரும்பப் பிரித்து வைக்க முடியாது. ஒரு முனையில் தொடங்கி, குறிக்குக் குறி பொருத்திக்கொண்டே போங்க. முதலில் சூட்டில் வளைத்து வடிவம் பிடித்த பிறகுதான் ஒட்டணும். தட்டையாக ஒட்டிப் பிறகு வளைத்தால் அந்த இழுவிசை முழுவதும் இணைப்பில் உட்காரும்; போதாததற்குச் சூடு பட்டதும் பசையும் இளகும். ஃபெவிக்விக் காய்ந்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், வளைகிற இடத்தில் வெடிக்கும். ரப்பர் பசையின் ஆவி தலை சுற்ற வைக்கும், தீயும் பிடிக்கும். மொட்டை மாடியில் வேலை செய்யுங்க, பசை டப்பா திறந்திருக்கும்போது ஹீட் கன் பக்கத்தில் ஓடவே கூடாது.

இடைவெளியை அடைக்க வால் புட்டி வேண்டாம், விரிசல் விடும். வளைந்து கொடுக்கிற அக்ரிலிக் ஃபில்லர் போதும். சீல் செய்யாமல் ஸ்ப்ரே அடித்தால் ஃபோம் பெயின்டைக் குடித்துத் திட்டுத்திட்டாகும். மரவேலைப் பசையைச் சம அளவு தண்ணீரில் கரைத்து, ஒவ்வொரு கோட்டும் காய்ந்த பிறகு அடுத்தது என மூன்று முதல் ஐந்து கோட். பிறகு கறுப்பு அக்ரிலிக், அதன் மேல் பாதி காய்ந்த பிரஷில் வெள்ளி. எனாமல் பெயின்ட் வளைகிற இடத்தில் உரியும்.

ஆட்டத்தில் உள்ள ஸ்லாட்டைக் கவசத்திலும் வையுங்க. மார்புத் தகட்டில் இரண்டு குழி, ஒவ்வொன்றின் மூலையிலும் 10 மி.மீ. நியோடிமியம் காந்தம். சென்சார், விளக்கு, குப்பி என்று வேளைக்கு ஒன்று மாற்றலாம். காந்தம் பரப்போடு சமமாக இருக்கணும். இடையில் ஃபோம் நின்றால் பிடி சட்டென்று குறையும். மேலே மெல்லிய துணி ஒட்டினால் காந்தம் பிடுங்கிக்கொண்டு வராது. ஒட்டுவதற்கு முன்பே எது வடக்கு, எது தெற்கு என்று குறித்துவிடுங்க. எல்இடிக்கு 5 வோல்ட் ஸ்ட்ரிப்பும் பவர் பேங்கும் போதும், ஆனால் ஓரிரு பல்பு மட்டும் என்றால் இழுக்கிற மின்சாரம் குறைவு என்று பல பவர் பேங்குகள் தானே அணைந்துவிடும். வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரியாமலிருக்க பட்டர் பேப்பர் இரண்டு மடிப்பு வைக்கலாம்.

வார்ப்பட்டை விஷயத்தில் நம் ஊருக்கு அதிர்ஷ்டம். 25 மி.மீ. நாடா, பக்கிள், எலாஸ்டிக், வெல்க்ரோ எல்லாம் திருப்பூர் ஆக்சஸரீஸ் கடைகளில் ஒரே இடத்தில் கிடைக்கும். பின்னால் பசை வைத்த வெல்க்ரோ வியர்வையில் கழன்றுவிடும். வெல்க்ரோவை நாடாவில் தைத்து, நாடாவை ரப்பர் பசையால் ஃபோமில் ஒட்டுங்க. ஒட்டுகிற நீளம் 10 செ.மீ.-க்குக் குறைய வேண்டாம். தோளுக்கு எலாஸ்டிக் போட்டால்தான் கையைத் தூக்க முடியும். இந்த ஃபோம் காற்றை விடாது. அக்குளிலும் விலாவிலும் இடைவெளி விட்டு, உள்ளே பருத்திப் பனியன் போடுங்க.

கோவையின் கொடிசியா கண்காட்சி வளாகம் மாதிரி இடத்துக்குச் சித்திரை வெயிலில் காரில் கொண்டுபோனால், கவசத்தை மூடிய காரில் விட்டுவிட்டுப் போகாதீங்க. குளூ கன்னால் ஒட்டினது முதலில் பிரியும், அப்புறம் வளைவுகள் தட்டையாகும். உள்ளே பழைய துண்டை உருட்டித் திணித்து, நிழலில், மேலே எதுவும் ஏற்றாமல் வையுங்க. தட்டையாகிப் போனதை ஹீட் கன்னால் மறுபடி வளைக்கலாம். ஆனால் பெயின்ட் அடித்த பரப்பு அந்தச் சூட்டைத் தாங்காது, உள்பக்கத்திலிருந்து மட்டும் மெதுவாகக் காட்டணும்.