கலிஃபோர்னியா ஃபாஸ்டர் கேர் வழக்குகள்: சிறார் நீதிமன்றக் கோப்பைப் பெற எந்த வழி?

ஃபாஸ்டர் வீட்டில் (பெற்றோரிடமிருந்து பிரித்த பிள்ளையை அரசு வளர்க்கக் கொடுக்கும் வீடு) கொடுமைக்கு ஆளான பிள்ளைக்காகக் கவுன்ட்டி (மாவட்டம் போன்ற உள்ளாட்சி) மீது இழப்பீட்டு வழக்குப் போட்டால், எல்லாம் ஒரு கேள்வியில் வந்து நிற்கும்: ஆபத்து இருப்பது அதிகாரிகளுக்கு முன்பே தெரியுமா? விடை பெரும்பாலும் சிறார் நீதிமன்றக் கோப்பில்தான் இருக்கும். அந்தக் கோப்பைக் கலிஃபோர்னியாவின் வெல்ஃபேர் அண்ட் இன்ஸ்டிட்யூஷன்ஸ் சட்டம், பிரிவு 827, ரகசியமாக வைத்திருக்கிறது. அதை எட்டப் பல வழிகள் சொல்லப்படுகின்றன. ஒரே காகிதங்களை வெவ்வேறு வேகத்தில் தரும் வழிகள் அல்ல அவை. ஒவ்வொன்றிலும் கிடைப்பதும் வேறு, கிடைத்ததை என்ன செய்யலாம் என்பதும் வேறு.

முதலில் கழித்துவிட வேண்டியது சம்மன். சிவில் வழக்கிலிருந்து கவுன்ட்டி குழந்தைகள் நலத்துறைக்கு, ஆவணங்களைத் தரச் சொல்லும் சம்மன் அனுப்பினால், 827ஐக் காட்டி மறுப்புதான் வரும். கோப்பில் எதை வெளியிடலாம் என்று முடிவு செய்வது சிறார் நீதிமன்றமே என்பது 1971 முதல் மாநில உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு. பள்ளியும் மருத்துவமனையும் தாமே வைத்திருக்கும் பதிவுகளுக்குச் சம்மன் பயன்படும், அவ்வளவுதான்.

பிள்ளையின் சொந்த உரிமை மலிவான வழி. கோப்புக்குரிய பிள்ளை நீதிமன்ற உத்தரவின்றியே தன் கோப்பைப் பார்க்கலாம், நகலும் கேட்கலாம். இங்கே இரண்டு சிக்கல்கள். சட்டம் இப்படி அனுமதிக்கும் வக்கீல்கள், சிறார் வழக்கிலோ குற்ற வழக்கிலோ ஆஜராகிறவர்கள். இழப்பீட்டு வழக்கின் வக்கீல் அந்தப் பட்டியலில் இல்லை. அடுத்தது, கையில் வந்த பக்கங்களை சிவில் மனுவோடு இணைத்துத் தாக்கல் செய்ய, சிறார் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியிடம் முன் அனுமதி வேண்டும். படிக்கலாம், வழக்கை அதைக் கொண்டு திட்டமிடலாம். தாக்கல் செய்யக் கூடாது. புகார் கொடுத்தவரின் பெயர் எப்படியும் மறைக்கப்பட்டிருக்கும்.

வயதும் இதில் ஒரு பொறி. சார்பு வழக்கில் (கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளான பிள்ளையைச் சிறார் நீதிமன்றம் தன் பொறுப்பில் எடுக்கும் வழக்கு) இருந்தவருக்கு 28 வயது ஆனதும் நீதிமன்றப் பதிவை அழிக்கச் சொல்கிறது பிரிவு 826. சிறுவயதில் நடந்த பாலியல் கொடுமைக்கோ, கலிஃபோர்னியாவின் ஏபி 218 சட்டப்படி 40 வயது வரை வழக்குப் போடலாம். 2024 ஜனவரி 1 முதல் நடந்தவற்றுக்குக் கால வரம்பே கிடையாது. வழக்கு உயிரோடு இருக்கும்போதே ஆதாரம் அழிந்துபோகும் இடைவெளி இது. அதே 826, பதிவைத் தன் வசம் ஒப்படைக்கும்படி எழுத்தில் கேட்கும் உரிமையையும் தருகிறது. நீதிமன்றப் பொறுப்பு முடிந்து 5 ஆண்டு கழிந்திருக்க வேண்டும். 27 வயதுக்காரர் ஒருவர் வக்கீலிடம் வந்தால் முதல் வாரமே அனுப்ப வேண்டிய கடிதம் அதுதான்.

கோப்பைத் தரும்படி சிறார் நீதிமன்றத்திடமே கேட்கும் ஜேவி-570 மனு மெதுவானது. ஆனால் சாட்சியமாகப் பயன்படுத்தத் தக்க நகல் வேண்டுமென்றால் மாநில நீதிமன்ற வழக்குகளுக்கு இதுதான் பிரதான வழி. மனுவோடு ஜேவி-571 அறிவிப்பையும், வெற்று ஆட்சேபப் படிவம் ஜேவி-572ஐயும் சேர்த்து, நீதிமன்றத்தில் கொடுப்பதற்குக் குறைந்தது 10 நாள் முன்பே கவுன்ட்டி வக்கீல், பிள்ளை, பிள்ளையின் வக்கீல், பெற்றோர், நலத்துறை முதலானோருக்குச் சேர்ப்பிக்க வேண்டும். சேர்ப்பித்ததற்கான சான்று ஜேவி-569. பெற்றோரின் முகவரி தெரியாமல் மனு தேங்குவது சகஜம்; தேடிய முயற்சியை மனுவிலேயே எழுதிவிடுவது நல்லது.

மனு தோற்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றே: “முழுக் கோப்பும் வேண்டும்” என்று கேட்பது. நீதிமன்ற விதி 5.552 கேட்பது வேறு. அந்தப் பதிவு தேவை என்பதையும், மனுதாரரின் நியாயமான தேவைக்குக் கணிசமான தொடர்புடையது என்பதையும் காட்ட வேண்டும். ஆகவே பெயர் சொல்லிக் கேளுங்கள்: டிடென்ஷன் அறிக்கை (பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்ததும் முதல் விசாரணைக்குத் தருவது), ஆறு மாத நிலை அறிக்கைகள், சமூகப் பணியாளரின் வருகைக் குறிப்புகள், எந்தத் தேதியில் எந்த வீடு என்ற பட்டியல், உடல்நல-கல்விப் பாஸ்போர்ட் (பிள்ளையின் மருத்துவ, பள்ளி விவரங்களின் தொகுப்பு), சிறப்பு நிகழ்வு அறிக்கைகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, வழக்கின் எந்தக் குற்றச்சாட்டுக்கு அது உதவும் என்று ஒரு வரி. நீதிபதி தனியறையில் கோப்பைப் படித்து, வேண்டாததை மறைத்து, ஜேவி-574 உத்தரவில் நிபந்தனைகளோடு விடுவிப்பார். டெபொசிஷனிலும் (விசாரணைக்கு முன் எடுக்கும் சத்திய வாக்குமூலம்) விசாரணையிலும் பயன்படுத்தவும், பொதுமக்கள் பார்க்க முடியாதபடி முத்திரையிட்டுத் தாக்கல் செய்யவும் அனுமதியை முதல் மனுவிலேயே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் இன்னொரு மனு, இன்னொரு காத்திருப்பு.

பிள்ளை இறந்துவிட்ட வழக்குகளில் நிலைமை தலைகீழ்: அங்கே வெளியிடுவதே இயல்பு என்று 827 சாய்கிறது, மற்ற பிள்ளைகள் பற்றிய தகவல் நீங்கலாக.

ஃபெடரல் நீதிமன்றத்தின் கவர்ச்சி வேறொரு இடத்தில் இருக்கிறது. அதே வீட்டில் முன்பு இருந்த மற்ற பிள்ளைகளின் புகார்கள்தான் “முன்பே தெரியும்” என்பதற்கு வலுவான ஆதாரம். அவர்கள் கோப்பின் மேல் உங்கள் கட்சிக்காரருக்குச் சொந்த உரிமை எதுவும் இல்லை. மாநில வழியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி மனு. பிரிவு 1983 வழக்கில் (அரசு அதிகாரிகள் அரசியல் சாசன உரிமையை மீறியதாகப் போடும் ஃபெடரல் வழக்கு), ரகசியக் காப்புரிமையை ஃபெடரல் சட்டப்படி முடிவு செய்யும் ஃபெடரல் சாட்சிய விதி 501 பொருந்துவதால், மாநில ரகசியச் சட்டம் நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. பெயர்களை மறைத்து, வழக்குக்கு வெளியே பகிரக் கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவின் கீழ் தரச் சொல்லலாம். ஆனாலும் மாநில நீதிமன்றத்துக்கு மரியாதையாக “முதலில் ஜேவி-570 போடுங்கள்” என்று அனுப்பிவைக்கும் நீதிபதிகளும் உண்டு. விலையும் பெரிது: அலட்சியத்தை நிரூபித்தால் போதாது, தெரிந்தே கண்டுகொள்ளாமல் விட்டதை நிரூபிக்க வேண்டும். கோப்புக்காக மட்டும் இந்த மேடையைத் தேர்ந்தெடுப்பது தப்புக் கணக்கு. ஏற்கெனவே 1983 வாதம் வலுவாக இருந்தால் மட்டுமே இங்கே வர வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்பு, காசில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. குழு இல்லங்கள், ஃபாஸ்டர் ஃபேமிலி ஏஜென்சிகள் ஆகியவற்றுக்கு உரிமம் தருவது மாநிலத்தின் கம்யூனிட்டி கேர் லைசென்ஸிங் பிரிவு. அதன் எல்ஐசி 809 ஆய்வறிக்கையும் எல்ஐசி 9099 புகார் விசாரணை அறிக்கையும் பொது ஆவணங்கள். பொதுப் பதிவுச் சட்டப்படி கேட்டால், தருவதா இல்லையா என்ற முடிவை 10 நாளுக்குள் சொல்ல வேண்டும். அதை மேலும் 14 நாள் வரை நீட்டிக்கலாம். பிள்ளைகளின் பெயர் இராது, தனி ஃபாஸ்டர் வீடுகளின் முகவரியும் கிடைக்காது. ஆனால் புகார் வந்த தேதி, என்ன புகார், உறுதியானதா என்பது இருக்கும். அந்தத் தேதிகளை ஜேவி-570 மனுவில் எழுதினால், நீதிபதிக்குக் கோப்பில் எந்தப் பக்கத்தைப் புரட்ட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.