‘புரோட்டோடைப்’ கேசினோ சிப்: 2,400 வெள்ளி போச்சு, நீங்களாவது உஷாராக இருங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் வெட்கத்தில் எழுத மாட்டேன். பழைய பொருள் விற்கும் ஒரு செயலியில் பார்த்து, ‘அபூர்வ’ கேசினோ சிப் (சூதாட்டத்தில் காசுக்குப் பதில் வைக்கிற வில்லை) ஒன்றுக்கு 2,400 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன். கையில் இருப்பது ஸ்டிக்கர் ஒட்டிய சாதாரண சிப்.

லாஸ் வேகஸில் சாண்ட்ஸ் கேசினோ 1952-இல் திறந்தது, 1996-இல் இடித்துவிட்டார்கள். அது திறக்கும் முன் செய்துபார்த்த மாதிரி சிப், அதாவது ‘புரோட்டோடைப்’ என்று விளம்பரம். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில் சந்தித்தோம். விற்றவருக்கு ஐம்பது வயதிருக்கும், நெற்றியில் விபூதி. “தம்பி, எங்க மாமா கெந்திங்ல ஆரம்பத்துலேருந்து வேலை செஞ்சவரு. அமெரிக்கச் சிப் கம்பெனிக்காரன் ஆர்டர் புடிக்க வந்தப்போ காட்டிட்டு விட்டுட்டுப் போனது” என்றார். நம்ம மலேசியாவின் கெந்திங் மலைக் கேசினோ 1971-இல் திறந்தது, சரி, கணக்கு ஒத்துவருகிறதே என்று நினைத்தேன்.

அப்புறம் செய்ததுதான் வேலை. “கையில வெச்சுப் பாருங்க, வேணாம்னா டீ குடிச்சிட்டுப் போங்க” என்று சிப்பை என்னிடம் கொடுத்துவிட்டு, போன் பேச வெளியே போய்விட்டார். பத்து நிமிடம். ஏமாற்றுகிறவன் பொருளை நம்மிடம் விட்டுப் போவானா? நான் குட்டித் தராசு வேறு கொண்டுபோயிருந்தேன், பெரிய நிபுணர் மாதிரி. அகலம் 39 மில்லிமீட்டர், எடை 9 கிராம் சொச்சம். எல்லாம் சரி. குடித்த தே தாரிக்குக்கும் அவரே காசு கொடுத்தார். செயலி வழியாகப் போனால் கமிஷன் பிடிப்பான் என்றார். வங்கிக் கணக்கு வேறு பெயரில் இருந்தது, “மருமகனோடது” என்றார். அங்கேயே 2,400 வெள்ளியை அனுப்பினேன்.

ஒன்பது நாள் கழித்து, சிப் சேர்க்கிற அண்ணன் ஒருவரிடம் பெருமையாகக் காட்டினேன். விளிம்பில் தொப்பியும் கைத்தடியுமாக ஓர் அச்சு ஓடுகிறது. அதைப் பார்த்ததுமே சிரித்தார். “டேய், இது பால்சன் அச்சு. அந்தக் கம்பெனியே 1963-லதான் ஆரம்பிச்சாங்க. 1952-ல எங்கேருந்து வரும்?”

நல்ல சிப்பில் நடுவிலுள்ள படத்தாளைச் சிப்போடு சேர்த்தே அழுத்தியிருப்பார்கள், நகம் மாட்டாது. என்னுடையதில் மாட்டியது. உரித்தோம். அடியில் கிராமஃபோன் தட்டு மாதிரி வட்ட வட்டமாகக் கீறல், பழைய படத்தை இயந்திரத்தில் சுரண்டி எடுத்த தடம். ஓரத்தில் சுரண்டாமல் விட்ட பச்சைத் துணுக்கு ஒன்று. தராசு ஏன் சரியாகக் காட்டியது என்று அப்போதுதான் புரிந்தது. சிப் அசல்தான், நடுவில் ஒட்டியதுதான் பொய்.

அந்த ஆளுக்கு போட்டோ அனுப்பினேன். “புரோட்டோடைப்னா அப்படித்தான் தம்பி, கையால ஒட்டிப் பாப்பாங்க.” விளிம்பு அச்சு? “புரோட்டோடைப்ல எல்லாம் மாறும் தம்பி.” எதைக் கேட்டாலும் இந்த ஒரே வார்த்தை. நீங்களே உரித்துக் கெடுத்துவிட்டீர்கள் என்று கடைசியில் என்மேலேயே பழி. மறுநாள் வாட்சாப்பில் பிளாக். செயலிக்காரர்களுக்கு நாலு முறை எழுதினேன். பணம் எங்கள் வழியாக வரவில்லை, புகார் முடிக்கப்பட்டது என்று அதே பதில் நாலு முறையும் வந்தது. 2,400 வெள்ளி!

கம்பெனிகள் ஆர்டர் பிடிக்க மாதிரி சிப் செய்வது உண்மைதான், அதை வைத்துத்தான் இந்த ஏமாற்றுக்காரர்கள் விளையாடுகிறார்கள். விவரமாக டிப்ஸ் எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. தராசை மட்டும் நம்பாதீர்கள். பூதக்கண்ணாடியில் நடுத்தாளின் ஓரத்தைப் பாருங்கள். விளிம்பு அச்சு எந்தக் காலத்தது என்று தெரிந்தவரிடம் கேளுங்கள். வேறு பெயர்க் கணக்கு என்றால் எழுந்து வந்துவிடுங்கள். மோசடிப் புகார் உள்ள கணக்கா என்று, கணக்கு எண்ணை போலீஸின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பார்க்கலாம். பணம் அனுப்பிய உடனே சந்தேகம் வந்தால் மலேசியாவின் மோசடிப் புகார் எண்ணான 997-க்கு அழையுங்கள், என்னைப்போல ஒன்பது நாள் கழித்து அல்ல.

என் மனைவியைத் தெரிந்தவர்கள் இதை அவளிடம் காட்ட வேண்டாம். அவளுக்குச் சொன்ன கணக்கு 900 வெள்ளி.